நாத்தனார் கை

அத்தியாயம் 17

போன வாரம் பிரேமலதாவைக் கல்யாண மண்டபத்துச் சாமான் அறையில், எதிரே ஒருவன் கொதித்துக்கொண்டு நிற்க, அப்படியே விட்டுவிட்டு வந்துவிட்டேன். சுரண்டை வாசகி ஒருவர் வாட்ஸ்அப்பில் என்னைக் காய்ச்சி எடுத்துவிட்டார். ஒரு பெண்ணை அந்த நிலையில் நிறுத்திவிட்டு உங்களால் எப்படி ஒரு வாரம் நிம்மதியாகச் சாப்பிட முடிகிறது என்று கேட்கிறார். முடியவில்லை அம்மா. அதனால்தான் இந்த வாரம் நேரே அறைக்குள் போகிறோம்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு மட்டும் கொஞ்சம் பழைய கதை.

பிரேமலதா குருவிகுளம் பக்கத்துக்காரி. மானாவாரிக் காட்டில் உளுந்து போட்டு, கூடவே ஆடும் வளர்த்த மருதப்பனின் மூத்த மகள். சங்கரன்கோவிலில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் எழுத்து எழுத்தாகத் தட்டக் கற்றவள், திருநெல்வேலியில் எம்.சி.ஏ. முடித்தாள். சென்னையில் மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் தப்புக் கண்டுபிடிக்கிற வேலை. அங்கிருந்து டீம் லீடர், மேனேஜர், மூன்று வருஷம் அமெரிக்கா, திரும்பி வந்து டைரக்டர், பிறகு வைஸ் பிரசிடென்ட். நாற்பத்து நான்கு வயதில் அவளுக்குக் கீழே எண்ணூறு பேர். வருகிற திங்கட்கிழமை கம்பெனியின் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி என்று அவள் பெயரை அறிவிக்கப் போகிறார்கள்.

இவ்வளவு தூரம் அவள் ஏறியதற்கு மேலதிகாரிகள் ஒரே காரணம்தான் சொல்வார்கள். என்ன நெருக்கடி வந்தாலும் பிரேமலதாவின் முகம் மாறாது.

இன்று ஞாயிற்றுக்கிழமை. அவளுடைய தம்பி பேச்சிராஜுக்குக் கல்யாணம். பேச்சிராஜ், இந்த மண்டபம் இருக்கிற அதே சங்கரன்கோவில் ராஜபாளையம் ரோட்டில், மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறான். பெண் பனவடலிசத்திரத்துத் தேன்மொழி. தேன்மொழியின் அண்ணன் இசக்கிராஜா பிரேமலதாவின் கம்பெனியில் வேலை பார்த்தவன். சம்பந்தம் கூடி வந்ததே அவன் மூலமாகத்தான்.

வேலை பார்த்தவன் என்று ஏன் சொல்கிறேன் என்றால், மூன்று வாரத்துக்கு முன் கம்பெனி நூற்று நாற்பது பேரை வெளியே அனுப்பியது. அதில் இவனும் ஒருவன். லேப்டாப் திரையில் வந்து நான்கே நிமிஷத்தில் அவனுக்கு அதைச் சொல்லி முடித்தவள் பிரேமலதா. தங்கையின் கல்யாணம் கெட்டுவிடக் கூடாதே என்று அவன் வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை. பிரேமலதாவும் தன் வீட்டில் சொல்லவில்லை.

இப்போது காலை எட்டேகால். முகூர்த்தம் ஒன்பதரையிலிருந்து பத்தரைக்குள். தாம்பூலப் பைகளை எடுக்கச் சாமான் அறைக்கு வந்தவளைப் பின்னாலேயே வந்து மறித்துக்கொண்டு நிற்கிறான் இசக்கிராஜா.

"மேடையில நீங்க ஏறக் கூடாது," என்றான். "எந் தங்கச்சி கழுத்துல ஒங்க கை படக் கூடாது."

எங்கள் பக்கத்தில் தாலியின் முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவான். மற்ற இரண்டையும் அவனோடு பிறந்தவள் போடவேண்டும். பேச்சிராஜோடு பிறந்தவள் பிரேமலதா ஒருத்திதான். அவள் ஏறாவிட்டால் ஏன் என்று நானூறு பேரும் கேட்பார்கள். எல்லாருக்கும் முன்னால் அவளுடைய அப்பா கேட்பார்.

அந்த இடத்தில் அவள் உறவுக்காரியாகப் பேசியிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும். "போலே, ஒனக்கு நான் பாத்துக்கிட மாட்டனா" என்று ஒரு வார்த்தை அதட்டியிருந்தால் அந்தப் பையன் உடைந்து அழுதிருப்பான். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இருபது வருஷ உத்தியோகம் அவள் நாக்கில் உட்கார்ந்திருந்தது.

"ஒனக்கு இது எவ்வளவு கஷ்டமா இருக்கும்னு எனக்குப் புரியுது, இசக்கி," என்றாள். "ஒன்னோட உணர்வ நான் மதிக்கிறேன்."

இசக்கிராஜா அவளையே பார்த்தான்.

"இதேதான் அன்னைக்கும் சொன்னீங்க," என்றான். "ஒரு எழுத்து மாறல."

காலடியில் கிடந்த சாக்கிலிருந்து ஒரு தேங்காயை எடுத்தான். எடுத்ததும் தெரியவில்லை, எறிந்ததும் தெரியவில்லை. அவள் காதை ஒட்டிச் சுவரில் மோதிச் சிதறியது. தேங்காய்த் தண்ணீர் கன்னத்தில் வழிந்தது. அடுத்ததை எடுத்தான். அது தண்ணீர் கேன்களில் பட்டு இரண்டு கேன் சரிந்து விழுந்தன.

பிரேமலதா துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. இவனோடு பேசிப் பயனில்லை என்று அவனை விலகிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். ஒரு கால் வாசலைத் தாண்டிவிட்டது. தரையெல்லாம் தண்ணீர், வழுக்கிவிடாமல் இருக்க வலது கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

அது இரும்புத் தகட்டுக் கதவு. இசக்கிராஜா அவள் கையைப் பார்த்தான். பார்த்துவிட்டுத்தான் காலைத் தூக்கிக் கதவை மிதித்தான்.

வெளியே நாதஸ்வரக்காரர்கள் ஆரம்பித்திருந்தார்கள். எலும்பு நொறுங்கிய சத்தம் அவளுக்கு மட்டும்தான் கேட்டது.

கதவு மோதிய வேகத்தில் தானே திரும்பித் திறந்துகொண்டது. கட்டைவிரல் தவிர மற்ற நான்கும் நிலையோடு நசுங்கியிருந்தன. மோதிரவிரல் நகம் பாதி பெயர்ந்து தொங்கியது. இசக்கிராஜாவின் முகத்தில் வருத்தம் இருந்தது என்று எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். திருப்திதான் இருந்தது. அது ஒரு நிமிஷம் நின்றது, அப்புறம் பயம் வந்தது.

"இப்பப் போடுங்க முடிச்சு," என்று சொல்லிவிட்டு அவளை இடித்துக்கொண்டு வெளியேறினான்.

பிரேமலதா கத்தவில்லை. உதட்டைக் கடித்ததில் உதடும் கிழிந்தது. மண்டபத்தின் பின்பக்கம் பாத்திரம் கழுவும் குழாயடிக்குப் போய்க் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். தண்ணீர் சிவப்பாக ஓடியது. அரக்குப் பட்டு உடுத்தியிருந்தது ஒரு விதத்தில் நல்லதாகப் போயிற்று, கறை தெரியாது.

அவளுக்குக் கையைப் பற்றிய கவலை இல்லை. கவலையெல்லாம் அப்பாவைப் பற்றித்தான்.

மருதப்பனுக்கு வயது அறுபத்தெட்டு. பத்தொன்பது வருஷத்துக்கு முன், தன் ஆட்டுக்கிடையில் ஒரு குட்டியைக் கல்லால் அடித்துக் கொன்றான் என்பதற்காகச் சொந்த மச்சினனின் தோளில் அரிவாளை இறக்கியவர். மூன்று வருஷம் பாளையங்கோட்டை ஜெயிலில் இருந்துவிட்டு வந்தார். ஓர் ஆட்டுக்குட்டிக்கே அப்படி. மகள் கையை ஒடித்தவன் யாரென்று தெரிந்தால் இன்று மேடையில் தாலி ஏறாது, வேறொன்று விழும். சமையல்கட்டில் வாழை இலை நறுக்குகிற அரிவாள்கள் மூன்று வரிசையாகக் கிடந்தன. அவள் அவற்றைப் பார்த்துக்கொண்டே கையைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டாள்.

தாலி ஏறுகிறவரை அப்பா கண்ணில் இந்தக் கை படக் கூடாது. அது ஒன்றுதான் அவள் மனதில் இருந்தது.

மாப்பிள்ளை அறையில் பேச்சிராஜ் தனியாகத்தான் இருந்தான். பட்டு வேட்டி இடுப்பில் நிற்காமல் பெல்ட் போட்டுக்கொண்டிருந்தான். அக்காவின் முகத்தைப் பார்த்தான், தலைப்பைப் பார்த்தான். வந்து அவனே அதை அவிழ்த்தான்.

"யாருக்கா?"

"கதவுல மாட்டிக்கிட்டு."

அவன் கதவைத் தாழ் போட்டான். மேஜையில் ஐஸ்கிரீமுக்கு வைக்கும் மரக்கரண்டிகள் ஒரு பாக்கெட் கிடந்தது. அதைப் பிரித்தான். புதுத் துண்டை நீளவாக்கில் பல்லால் கிழித்தான். இரண்டு இரண்டு விரலாகச் சேர்த்து, நடுவில் கரண்டி வைத்துச் சுற்ற ஆரம்பித்தான். தினமும் செம்புக் கம்பி சுற்றுகிற கை. ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றில் பாதியை மூடிக்கொண்டு வந்தது. அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, சத்தம் மட்டும் வரவில்லை.

"இசக்கியா?" என்று கேட்டான் பேச்சிராஜ். "காலைல இருந்து அவன் மூஞ்சி சரியில்ல. ஒன்னயப் பாத்துக்கிட்டே இருந்தான்."

இனி மறைத்துப் பயனில்லை. பிரேமலதா அவனைக் கீழே உட்காரச் சொல்லி எல்லாவற்றையும் சொன்னாள். அவனிடம் சொன்னதில் ஒரு பகுதி இதுவரை உங்களுக்கும் தெரியாதது.

அந்தக் கம்பெனியில் வருஷா வருஷம் அதிகாரிகளுக்கு ஒரு படிவம் வரும். உங்கள் உறவினர் யாராவது உங்கள் கீழே வேலை பார்க்கிறார்களா என்று அதில் ஒரு கேள்வி. தை மாதம் பனவடலிசத்திரத்தில் நிச்சயம் முடித்து, தட்டு மாற்றிவிட்டு, பிரேமலதா சென்னை திரும்பிய மறுநாள் அந்தப் படிவம் வந்தது. அவள் ஆம் என்று தட்டினாள். தம்பியின் மைத்துனர் என்று எழுதி, இசக்கிராஜாவின் பெயரையும் போட்டாள்.

வேறு ஊர்க்காரர் யாராக இருந்தாலும் இல்லை என்றுதான் எழுதியிருப்பார்கள். கல்யாணமே ஆகவில்லையே, அதற்குள் என்ன உறவு? ஆனால் நம் பக்கத்தில் வெற்றிலை பாக்கு மாற்றிய நிமிஷமே சம்பந்தி வீடுதான். அதற்கு அப்புறம் ஒரு துஷ்டி, அதாவது சாவு, விழுந்தால்கூட முறை செய்யப் போயாக வேண்டும். அவளுக்கு அது பொய் சொல்லாமல் இருக்கிற விஷயமாகத்தான் பட்டது. இப்படி எழுதியிருக்க வேண்டியதே இல்லை என்று கம்பெனி வக்கீலம்மா பிற்பாடு சொன்னபோது நேரம் கடந்துவிட்டது.

தலைமைப் பதவிக்கு அவளைப் பரிசீலித்த குழு அந்தப் படிவத்தைப் பார்த்துவிட்டது. அவள் கீழே உறவினன் இருக்கக் கூடாது, வேறு பிரிவுக்கு மாற்றுங்கள் என்றார்கள். ஆள் குறைக்கிற மாதத்தில் எந்தப் பிரிவில் இடம் இருக்கும்? இசக்கிராஜாவின் பெயர் வெளியே போகிறவர்களின் பட்டியலில் ஏறியது. பட்டியல் அவளுடைய ஒப்புதலுக்கே வந்தது.

"அவன் பேர நீ எடுத்திருக்கலாம்லா?" என்றான் பேச்சிராஜ்.

"எடுத்திருக்கலாம். எடுத்தா சொந்தக்காரனக் காப்பாத்துதான்னு பேரு வரும். அந்த நாற்காலி போயிரும்." அவள் நிறுத்தினாள். "பத்து செகண்ட் யோசிச்சேன். பட்டனை அமுக்கிட்டேன்."

பேச்சிராஜ் கட்டின் நுனியை இறுக்கி முடிந்தான். "அப்ப எங் கல்யாணத்தாலதான் அவன் வேல போயிருக்கு," என்றான்.

அப்பாவிடம் தாலி ஏறும்வரை சொல்லக் கூடாது, இசக்கிராஜாவையும் எதுவும் செய்யக் கூடாது என்று அவள் கேட்டாள். சரி என்றான். சரி என்று அவன் சொன்னது உண்மையாகத்தான். அதைக் காப்பாற்ற விடவில்லை இசக்கிராஜா.

ஒன்பது மணிக்கு மாப்பிள்ளை அழைப்பு. பெண்ணின் அண்ணன் மாப்பிள்ளையின் காலைக் கழுவி, கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டி வரவேண்டும். மண்டபத்து வாசலில் பலகை போட்டிருந்தது. பேச்சிராஜ் ஏறி நின்றான். இசக்கிராஜா செம்போடு குனிந்தான். சுற்றிலும் இரண்டு வீட்டு ஆண்களும் நின்றார்கள், வீடியோக்காரர் எதிரே மண்டியிட்டிருந்தார்.

தண்ணீர் ஊற்றிக் காலைத் தேய்த்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், இசக்கிராஜா கேட்டான்.

"மச்சான், ஒங்க அக்கா கையி எப்படி இருக்கு?"

பேச்சிராஜின் ஈரக்கால் அவன் நெஞ்சில் இறங்கியது.

இசக்கிராஜா மல்லாந்து விழுந்தான். பின்மண்டை படியில் மோதியது. செம்பு உருண்டு தெருவுக்கே போய்விட்டது. எழப் போனவனின் வாயில் பேச்சிராஜ் இரண்டாவது முறை மிதித்தான். பல் ஒன்று உதட்டைக் குத்திக்கொண்டு வெளியே வந்தது. அதற்குள் இசக்கிராஜாவின் சிநேகிதன் ஞானதுரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி மாப்பிள்ளையின் முதுகில் போட்டான். நாற்காலி இரண்டாகப் போயிற்று. மாப்பிள்ளை வீட்டு ஆள் ஒருவர் ஞானதுரையின் கழுத்தைப் பிடித்து வாழைமரத்தோடு வைத்து அழுத்தினார். வாசலில் கட்டியிருந்த மரம் குலையோடு சாய்ந்து, கீழே மண்டியிட்டிருந்த வீடியோக்காரர் மேல் விழுந்தது. ஒரு நிமிஷம் யார் யாரை அடிக்கிறார்கள் என்றே தெரியவில்லை. காரணம் தெரியாமலே அடித்தவர்கள்தான் அதிகம்.

"நிறுத்துங்கலே," என்றொரு குரல் வந்தது.

மருதப்பன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். எல்லாக் கையும் நின்றது. அவருடைய பத்தொன்பது வருஷப் பெயர் அப்படி. கீழே கிடந்தவனைப் பார்த்தார், மகனைப் பார்த்தார்.

"எதுக்குலே மிதிச்ச?"

பேச்சிராஜ் வாயைத் திறந்தான். பிரேமலதா தம்பிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். வலது கை தலைப்புக்குள் இருந்தது. அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் வாயை மூடிக்கொண்டான்.

பதில் கீழே கிடந்தவனிடமிருந்து வந்தது. இசக்கிராஜா ரத்தத்தைத் துப்பிவிட்டு எழுந்து உட்கார்ந்தான். அவன் கண் மண்டபத்துக்குள் போயிற்று. அங்கே மணப்பெண் அறையின் வாசலில் மாலையும் கழுத்துமாகத் தேன்மொழி நின்றுகொண்டிருந்தாள்.

"கால் வழுக்கிட்டு மாமா," என்றான். "மச்சான் வேணும்னு செய்யல."

இரண்டாவது மிதியை நாற்பது பேர் பார்த்திருந்தார்கள். ஆனாலும் அடிபட்டவனே வழுக்கிற்று என்கிறபோது மற்றவர்கள் என்ன சொல்வது? மருதப்பன் மட்டும் அவனைக் கொஞ்ச நேரம் கூடுதலாகப் பார்த்தார். பிறகு ஒரு துண்டை எடுத்து அவன் மேல் போட்டுவிட்டு உள்ளே போனார். இசக்கிராஜா அதில் வாயைத் துடைத்துக்கொண்டு, பேச்சிராஜின் கையைப் பிடித்து, மேடைக்குக் கூட்டிப் போனான்.

ஒன்பதே முக்காலுக்குத் தாலியை எடுத்துக் கொடுத்தார்கள். கெட்டிமேளம் முழங்கியது. பேச்சிராஜ் முதல் முடிச்சைப் போட்டான்.

பிரேமலதா தேன்மொழிக்குப் பின்னால் நின்றாள். மரக்கரண்டி கட்டிய விரலால் முடிச்சுப் போட முடியாது. அப்பா நான்கடி தூரத்தில் எதிரேயே நின்றுகொண்டிருந்தார். அவள் தலைப்புக்குள்ளேயே துணியோடு கரண்டிகளை உருவி எடுத்தாள். காய்ந்து ஒட்டியிருந்த துணி நகத்தையும் சேர்த்துக்கொண்டு வந்தது. அவளுக்குக் கண் இருட்டிற்று. சாய்ந்துவிடாமல் தேன்மொழியின் தோளில் இடது கையை ஊன்றிக்கொண்டாள்.

மஞ்சள் கயிறு வழுக்கியது. இடது கையால் மடித்து, வலது கட்டைவிரலையும் நசுங்கிய ஆள்காட்டி விரலையும் சேர்த்து இழுத்தாள். ஒரு முடிச்சு விழுந்தது. ரத்தம் கயிற்றில் ஊறி, தேன்மொழியின் பிடரியில் சொட்டியது. இரண்டாவதைப் போடும்போது விரலுக்குள் ஏதோ நகர்ந்தது. அப்போதுதான் முதல்தடவையாக அவள் தொண்டையிலிருந்து ஒரு முனகல் வந்தது. மேளச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற பெண்கள் கயிற்றின் சிவப்பைக் குங்குமம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

தேன்மொழி மட்டும் பிடரியைத் தொட்டு, விரலைப் பார்த்தாள். படித்த பெண், புத்திசாலி. ஒன்றும் கேட்காமல் அந்த விரலைத் தன் கூரைப்புடவையில் துடைத்துக்கொண்டாள்.

தாலி ஏறிவிட்டது. பிரேமலதாவுக்கு அழுகை வந்தது. நிம்மதியில் வந்த அழுகைதான், அதில் வெட்கமில்லை. தலைப்பைச் சுற்றிக்கொண்டு மாப்பிள்ளை அறைக்கு வந்து உட்கார்ந்தாள். பின்னாலேயே மருதப்பன் வந்தார்.

"காட்டு," என்றார்.

"கதவுல மாட்டிக்கிட்டுப்பா."

அவர் தலைப்பை விலக்கினார். எத்தனையோ காயம் கண்டவர், எத்தனையோ காயம் செய்தவர். ஒவ்வொரு விரலாகப் பார்த்தார்.

"காத்துல கதவு சாத்துனா ஒரு விரலு நசுங்கும். மிஞ்சிப் போனா ரெண்டு. அதுக்குள்ள மனுசன் கைய இழுத்துருவான்," என்றார். "நாலும் போயிருக்குன்னா ஒருத்தன் நின்னு சாத்திருக்கான். யாருட்டி அவன்?"

பிரேமலதா அவரை நேராகப் பார்த்தாள்.

"பதினேழு வயசுல எனக்கு முழங்கை ஒடிஞ்சுது. கம்ப்யூட்டர் சென்டர்ல சேந்த ரசீத நீங்க பாத்தீங்கல்லா, அன்னைக்கு," என்றாள். "ஆஸ்பத்திரில கேட்டாங்க. பஸ்ஸுல இருந்து விழுந்துட்டேன்னு சொன்னேன். போலீஸ்காரர் தனியாக் கூப்ட்டுக் கேட்டாரு. அவர்ட்டயும் அதத்தான் சொன்னேன். அம்மாவுக்குத் தெரியும், அம்மா போயாச்சு. தம்பிக்குக்கூட இன்னைக்கு வரைக்கும் தெரியாது. அன்னைக்கு ஒங்கள நான் சொல்லல. இன்னைக்கும் சொல்ல மாட்டேன்."

மேலதிகாரிகள் மெச்சுகிற அந்த மாறாத முகத்தை அவள் எங்கே கற்றாள் என்று இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும். மருதப்பனுக்கும் தெரிந்தது. அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். பிறகு எழுந்து வெளியே போனார்.

அவர் போன திசை சமையல்கட்டு. பிரேமலதாவுக்கு அந்த மூன்று அரிவாள்கள் ஞாபகம் வந்தன. கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

மருதப்பன் அரிவாள்கள் கிடந்த மேடையைத் தாண்டிப் போனார். பந்தியில் பெண் வீட்டுக்காரனாக, வீங்கிய வாயோடு இசக்கிராஜா சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டிருந்தான். அவர் எதிரே போய் நின்றதும் வாளியைக் கீழே வைத்தான். ஓடவில்லை. கண்ணை மூடிக்கொண்டான்.

"அக்கா காருச் சாவி ஒங்கிட்டத் தாரேன்," என்றார் மருதப்பன். பந்தியில் இருந்தவர்களுக்குக் கேட்காத குரல். "பஸ் ஸ்டாண்டு பக்கத்துல எலும்பு டாக்டர் இருக்காரு. நீ கூட்டிட்டுப் போ."

"மாமா..."

"எம் மவன் ஒன்ன எதுக்கு மிதிச்சான்னு அவ கையப் பாத்ததும் தெரிஞ்சுட்டுலே. ஒடிச்சவன்தான் கூட்டிட்டுப் போவணும்." "நான் அன்னைக்குப் போவல."

பிரேமலதா அப்பாவைப் பார்த்தாள். இருபத்தேழு வருஷமாக அவள் எதிர்பார்க்காத ஒரு வார்த்தை அது. அவரைத் தாண்டிப் போய்க் காரில் ஏறினாள்.

கார் மண்டபத்து வாசலுக்கு வந்து, ரோட்டில் ஒரு பஸ் போகட்டும் என்று நின்றது. வலப்பக்கம் திரும்பினால் ஊரும் ஆஸ்பத்திரியும். இடப்பக்கம் போனால் கரிவலம்வந்தநல்லூர், அதற்கும் அப்பால் வெறுங்காடு.

"எதுக்கு எம் பேரச் சொல்லல மேடம்?" என்று கேட்டான் இசக்கிராஜா. அவனுக்குப் பேசினால் உதட்டிலிருந்து ரத்தம் வந்தது.

தங்கை வாழ்க்கைக்காக என்று ஒரு பதில் சொல்லியிருக்கலாம். அவன் அழுதிருப்பான், எல்லாம் அதோடு முடிந்திருக்கும். பிரேமலதாவுக்கு அந்தப் பொய்யைச் சொல்ல வாய் வரவில்லை. நடந்ததையெல்லாம் அவனிடமும் சொன்னாள். நிச்சயத்துக்கு மறுநாள் எழுதிய படிவம், குழு கேட்ட கேள்வி, பட்டியல்.

"எடுக்கணும்னு நெனச்சிருந்தா எடுத்திருப்பேன்," என்றாள். "எனக்கு அந்த நாற்காலி வேணும்னு தோணுச்சு. அதான் உண்மை."

பஸ் போய்விட்டது. ரோடு காலியாக இருந்தது. கார் நகரவில்லை.

"நான் வேல சரியாப் பாக்கலன்னு நெனச்சேன்," என்றான் அவன். "மூணு வாரமா எழுதுன ஒவ்வொரு புரோகிராமா எடுத்து எடுத்துப் பாத்தேன் மேடம். எங்க தப்புப் பண்ணுனேன், எங்க தப்புப் பண்ணுனேன்னு. கிறுக்குப் புடிச்சுரும் போல இருந்துது."

 

இசக்கிராஜா ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினான்.

அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. இடது கை நன்றாக இருக்கிறது, கதவைத் திறந்து குதித்துவிடலாம், கார் இன்னும் வேகம் பிடிக்கவில்லை. ஒரு தடவை பட்டனை அமுக்கி அவனை விட்டவள் இன்னொரு தடவை விடத் தயாராக இல்லை, பிரேமலதா திறக்கவில்லை. ஒடிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரி பின்னால் போய்க்கொண்டிருந்தது.